ஒரு சாண் தள்ளி

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டுகள் வந்து இறங்கிய அன்று நான் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். பயிற்சி முழுக்க அன்றைக்கே முடிந்துவிட்டது. மறுநாள் வீங்கிய கன்னத்தோடு போனபோது கம்ப்யூட்டர் சார், "ஒண்ணுமே இல்ல டீச்சர், விரலால தொட்டா எழுதும். பாஸ்வேர்டை மட்டும் மறந்துடாதீங்க" என்றார். எதைக் கேட்டாலும் அவர் பாஸ்வேர்டில்தான் கொண்டுவந்து முடிப்பார். அதனால் ஸ்டாஃப் ரூமில் அவர் பேரே பாஸ்வேர்டு.

தொட்டேன். எழுதியது. ஆனால் தொட்ட இடத்தில் எழுதவில்லை. ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி, நாலு விரல் கீழே இறங்கி எழுதியது.

கேட்டிருக்கலாம்தான். ஆனால் இத்தனை வருஷம் கணக்கு நடத்தினவள், "சார், எனக்கு ஒரு புள்ளி வைக்க வரல" என்று போய் நிற்பதா? அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முழங்கால் வலி என்று போனாலும் கண்ணைத்தான் பார்ப்பார். "பவர் ஏறியிருக்கும்மா" என்று புதுக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். அது சரிப்படவில்லை என்றதும் இன்னொன்று. தெருக்கோடியில் வருகிறவரின் சட்டைப் பொத்தான்கூடப் பளிச்சென்று தெரிந்தது. போர்டில் மட்டும் அந்தச் சாண் குறைந்தபாடில்லை.

கடைசியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொடச் சொன்னேன். அவர்களுக்கும் அதே சாண், அதே நாலு விரல். அப்பாடா! கோளாறு கண்ணில் இல்லை, இந்த மெஷினின் குணமே இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு யார் போர்டையும் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் இல்லையா?

அந்த ஏழாம் வகுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். வால் ஒன்றுதான் இல்லை. மைனஸ் மூன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஜன்னலுக்கு வெளியே தேடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தப் போர்டைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பின்னணியில் கட்டம் போட்ட தாளை வரவழைத்தேன். ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி விரலால் அளந்து பார்த்துவிட்டு, "டீச்சர், வலது பக்கம் மூணு கட்டம், கீழ ஒரு கட்டம். எப்பவும் அவ்வளவுதான் ஓடுது!" என்று கூவினாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது ஆட்டம். புள்ளி எங்கே விழவேண்டும் என்று நான் சொல்வேன். எங்கே தொட்டால் அது அங்கே விழும் என்று அவர்கள் கத்தவேண்டும். "மைனஸ் ரெண்டு, அஞ்சு" என்று நான் வாயை மூடுவதற்குள், "மைனஸ் அஞ்சு, ஆறு!" என்று கூரை பறக்கும். எந்த மைனஸைக் கண்டு ஓடினார்களோ, அதை இப்போது மிட்டாய் மாதிரி மென்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன மெஷின் கண்டுபிடித்திருக்கிறான் மகராசன், கணக்குக்கென்றே தள்ளி எழுதுகிறதே என்று அதைச் செய்தவனை மனசார வாழ்த்தினேன்.

இந்த நேரத்தில்தான் தலைமையாசிரியை வாயைத் திறந்தார்.

"மாடியில புதுசா திறக்கிற வகுப்புக்கு போர்டு இல்ல. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எல்லாரும் கம்ப்யூட்டர் லேப்ல கூடுவோம். போர்டை வச்சு கிளாஸ்ல என்ன பண்றீங்கன்னு ஆளுக்கு ஒரு ஐடியா சொல்லுங்க. யாருகிட்ட ஐடியா இல்லையோ, அவங்க போர்டு மாடிக்குப் போயிடும்."

சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். போர்டின் மூலையில் நான் குடை மாட்டுவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். போர்டு போனால் ஆட்டமும் போகும், பிள்ளைகள் மறுபடி ஜன்னலுக்குப் போய்விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏழாம் வகுப்பைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு (அது நடக்காது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்) லேபுக்குப் போனேன். பூகோள டீச்சர் ஒரு ஆற்றைப் பிடித்துக் கடலில் இருந்து மலை வரைக்கும் இழுத்துக் காட்டினார். சயின்ஸ் சார் போர்டிலேயே ஒரு தவளையை அறுத்து, "நாத்தமே இல்ல பாருங்க!" என்று பெருமையாக மூச்சை இழுத்துக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். உங்களையெல்லாம் இப்போது ஊதித் தள்ளுகிறேன் பாருங்கள் என்று உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

என் முறை வந்தது. "பூஜ்ஜியத்துல புள்ளி வைக்கப் போறேன்" என்று அறிவித்து, பழக்கப்படி மூன்று கட்டம் இடப்பக்கம், ஒரு கட்டம் மேலே தொட்டேன். புள்ளி நான் தொட்ட இடத்திலேயே, விரலுக்கு அடியிலேயே, கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மறுபடி தொட்டேன். மறுபடியும் அங்கேயே. வேர்த்துவிட்டது.

"சார், உங்க போர்டு கெட்டுப்போயிருக்கு" என்றேன் பாஸ்வேர்டிடம். "தொட்ட இடத்துலேயே எழுதுது!"

தவளை அறுத்தவர், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முணுமுணுக்க, லேபே வெடித்துச் சிரித்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"நம்பலைன்னா என் ரூமுக்கு வந்து பாருங்க!"

படை கிளம்பியது. வராந்தாவில் பாதி தூரம் போகும்போதே என் வகுப்பின் சத்தம் காதைப் பிளந்தது. தலைமையாசிரியையின் முகம் சிவந்தது. கதவைத் திறந்தால், ஒருவன் போர்டருகே கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான், மற்ற எல்லாரும் பெஞ்சு மேல் நின்று, "மைனஸ் நாலு! மூணுடா, மூணு மேல!" என்று கத்துகிறார்கள். அவன் தொட்டான். புள்ளி சரியாக, மைனஸ் ஒன்று, இரண்டில் போய் உட்கார்ந்தது. ஹோவென்று இரைச்சல். அப்புறம்தான் எங்களைப் பார்த்துப் பெஞ்சிலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள்.

"இவங்களா? இவங்களுக்கா மைனஸ் தெரியுது?" என்றார் தலைமையாசிரியை. திட்ட வந்ததை மறந்துவிட்டார்.

அவரே தொட்டுப் பார்த்தார். தப்பு. மறுபடி தப்பு. "இடது பக்கம் மிஸ், இன்னும் இடது பக்கம்!" என்று பிள்ளைகள் வழிகாட்ட, மூன்றாவது தடவை சரியாக விழுந்ததும் அந்த அம்மாள் கைகொட்டிச் சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பூகோள டீச்சர் என்னை இடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். பாஸ்வேர்டு கூரையில் தொங்கிய ப்ரொஜெக்டரை அண்ணாந்து பார்த்தார். "அட, போர்டை மாட்டிட்டு இறங்கறப்பவே யாரோ இதை ஏணியால இடிச்சிருக்காங்க. படம் நகர்ந்துடுச்சு. இதுக்கா டீச்சர் இவ்வளவு நாள் கஷ்டப்பட்டீங்க? ஒரே நிமிஷம்" என்றார். நான் வேண்டாம் என்று கத்துவதற்குள் எதையோ அழுத்தினார். போர்டின் நாலு மூலையிலும், விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, நாலு சிலுவைக் குறி வந்தது. ஒவ்வொன்றின் மேலும் டொக் டொக்கென்று தொட்டார். "இப்ப தொட்டுப் பாருங்க."

ரெட்டைச் சடைக்காரி ஓடிப்போய்த் தொட்டாள். புள்ளி விரலுக்கு அடியிலேயே விழுந்தது. "ஐயோ டீச்சர், போர்டு கெட்டுப்போச்சு!" என்று வகுப்பே ஒப்பாரி வைத்தது.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "அப்போ இனிமே உங்ககிட்ட ஐடியா ஒண்ணும் இல்லையா டீச்சர்?" குரல் மெதுவாகத்தான் இருந்தது. இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

"சார், இதை மறுபடி கெடுக்கறது எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று பாஸ்வேர்டிடம் கேட்டேன். இத்தனை நாளில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கெடுக்கறதா? எனக்குச் சரி பண்ணத்தான் டீச்சர் தெரியும்" என்று விழித்தார்.

"அந்தச் சிலுவையைத் தள்ளித் தொட்டா?" என்றாள் சடைக்காரி.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

"புள்ளி வலது பக்கம் போகணும்னா, நாலையும் இடது பக்கமா தள்ளித் தொடணும்!" என்று பத்துப் பேர் ஒன்றாகச் சொன்னார்கள். "ஒரு ஸ்கேல் நீளம் டீச்சர்! பெருசா வைங்க!"

பாஸ்வேர்டு அழுத்தியதையே நானும் அழுத்திச் சிலுவைகளை வரவழைத்தேன். ஒருத்தி ஸ்கேல் பிடிக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கேல் இடப்பக்கமாக என் விரலாலேயே தொட்டேன்.

தலைமையாசிரியை போர்டை நெருங்கினார். ப்ரொஜெக்டர் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்று, "இதெல்லாம் விதிமுறைக்கு..." என்று ஆரம்பித்திருந்த பாஸ்வேர்டை ஒரு பார்வை பார்த்தார். கண்ணில் ஒரு குறும்பு. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "சார் பாக்கெட்டுல புள்ளி விழணும்னா எங்க தொடணும்?" என்றார்.

வகுப்பே சொன்னது. அந்த அம்மாள் தொட்டார். சிவப்புப் புள்ளி பாஸ்வேர்டின் வெள்ளைச் சட்டைப் பையில் அச்சாகப் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, இங்க் கொட்டிடுச்சு!" என்று அவர் பையைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் புள்ளி கையில் ஏறிக்கொண்டது. சயின்ஸ் சார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து இரண்டாவது கண்ணாடியும் மங்கிவிட்டது.

"லேப்ல மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் இருக்கே, அங்க இருக்கிற போர்டு மாடிக்குப் போகட்டும்" என்றார் தலைமையாசிரியை, மூச்சு வாங்கிக்கொண்டே. "இது இங்கயே இருக்கும். குடையை மட்டும் வேற எங்கயாவது மாட்டுங்க."

மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். பூகோள டீச்சர் மட்டும் போகாமல் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகே வந்தார்.

"டீச்சர், உங்களுக்குப் புண்ணியமா போகும். என் போர்டையும் கொஞ்சம் கெடுத்துக் குடுங்களேன்."