டபரா காபி

படார் என்று கதவு திறந்தது.

பூங்கோதையின் வாயிலிருந்த ஆங்கில வாக்கியம் பாதியில் நின்றது.

“பேட்டா, காபி. சூடா குடிச்சிட்டு அப்புறம் பேசு” என்றபடி லதா உள்ளே வந்து, லேப்டாப்புக்குப் பக்கத்தில் டம்ளரையும் டபராவையும் வைத்தாள்.

திரை வெளுத்தது. கண்காணிப்பாளரின் முகம் மறைந்து, அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. அறையில் வேறொரு நபர் நுழைந்ததால் தேர்வு ரத்து செய்யப்படுகிறது.

நொய்டா பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம். ஐந்து வருடச் சட்டப் படிப்பு. நன்றாகத் தேறும் சிலருக்குக் கட்டணமே கிடையாது. நுழைவுத் தேர்வைத் தாண்டியாகிவிட்டது. மிச்சமிருந்தது இந்த ஆங்கிலத் தேர்வு ஒன்றுதான். வீட்டிலிருந்தே கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதலாம், பேசலாம். ஆனால் கதவு மூடிய அறை வேண்டும். முடியும்வரை வேறு யாரும் உள்ளே வரக்கூடாது.

கதவு மூடிய அறைக்குப் பூங்கோதை எங்கே போவாள்? அவர்கள் இருந்த ஜுக்கிக் குடிசையில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் இவர்கள் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். அதனால்தான் அவள் அம்மா வேலம்மாள், தான் பாத்திரம் தேய்க்கும் மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் லதாவிடம் கேட்டாள். லதா யோசிக்காமல் சம்மதித்தாள். மகள் அனன்யா தோழி வீட்டுக்குப் போயிருந்ததால் அவள் அறையையே கொடுத்தாள்.

“எந்தக் காலேஜுன்னு மட்டும் வாயத் தொறக்காத. அந்தப் பொண்ணும் ஏதோ எழுதிப் போட்டிருக்கு” என்று அம்மா எச்சரித்திருந்தாள். ஏதோ கம்ப்யூட்டர் பரீட்சை என்றே லதாவிடம் சொல்லியிருந்தார்கள். இங்கே வந்து பார்த்தால் அனன்யாவின் மேஜை மேல் அதே பல்கலைக்கழகத்தின் வழவழப்பான புத்தகம் கிடந்தது. பூங்கோதை அதைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வைஃபை பாஸ்வேர்டைத் தானே போடுவதாகச் சொல்லிக் குனிந்த லதா, திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

“கதவுலேயே எழுதி ஒட்டியிருந்தேனே ஆன்ட்டி. யாரும் வரக்கூடாதுன்னு.”

“காபிதானே பேட்டா. பசிக்குமேன்னு கொண்டு வந்தேன்.”

சத்தம் கேட்டு வேலம்மாள் சோப்புக் கையோடு ஓடி வந்தாள். சிவப்பு எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் மகளின் முகத்தைப் படித்தாள்.

“பரவால்ல லதாம்மா. தெரியாமத்தான வந்தீங்க. இவளுக்குக் கோவம் ஜாஸ்தி, மனசுல வெச்சுக்காதீங்க.”

“நீ எதுக்கும்மா கெஞ்சற? கதவைத் தொறந்தது நீயா?”

பூங்கோதை தேர்வு நடத்துபவர்களின் உதவிப் பிரிவுக்குத் தட்டச்சு செய்தாள். மறு தேர்வுக்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதி நாளை. அதை அவள் எழுதியதும் ஒரு வழி சொன்னார்கள். உள்ளே வந்தவர் இப்போதே கேமரா முன்னால் அடையாள அட்டையோடு வந்து, தவறுதலாக நுழைந்தேன், எந்த உதவியும் செய்யவில்லை என்று சொன்னால் போதும். விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

“ஆன்ட்டி, இங்க உக்காருங்க. ரெண்டே வரி. ஹிந்தியில சொன்னாக்கூடப் போதுமாம்.”

லதா ஓரடி பின்னால் போனாள். “கேமராவுலயா? ஆதார் வேற காட்டணுமா? சாரைக் கேக்காம எப்படி?”

“போன் பண்ணிக் கேளுங்க.”

“மீட்டிங்ல இருப்பார். இப்ப எவ்வளவு ஃப்ராடு நடக்குது தெரியுமா? கார்டைக் காட்டினா பேங்க்ல இருக்கறதை வழிச்சு எடுத்துடறான்.”

“போன மாசம் கேஸ்காரன் கேட்டப்ப வாட்ஸாப்ல அனுப்பினீங்க. என்னைத்தான் போட்டோ எடுக்கச் சொன்னீங்க.”

“அது வேற.”

“அவன் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. நான் இந்த வீட்டுல தவழ்ந்திருக்கேன். என்மேல சந்தேகமா?”

“ஏய், அடங்குடி” என்றாள் வேலம்மாள். ஆனால் அவள் குரலில் பழைய வேகம் இல்லை.

திரையின் ஓரத்தில் கேள்வி வந்து நின்றது. அந்த நபர் இருக்கிறாரா? பூங்கோதை லதாவைப் பார்த்தாள். லதா ஃபேனைப் பார்த்தாள். மறுபடியும் அதே கேள்வி. பிறகு நன்றி சொல்லி அந்தக் கட்டம் மூடிக்கொண்டது.

பூங்கோதை லேப்டாப்பை அறைந்து மூடினாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த லேப்டாப். உடைந்தால் என்ன ஆகும் என்று அந்த நேரம் அவளுக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் வாயை வைத்து ஆங்கிலம் பேசிப் பழகியவள் அவள். இன்று வாய்விட்டுப் பேச ஓர் அறை கிடைத்தது. அதையும் ஒரு டம்ளர் காபி முடித்து வைத்துவிட்டது.

வேலம்மாள் அந்தக் காபியைப் பார்த்தாள். இந்த வீட்டில் அவளுக்குக் காபி உண்டு. பால்கனியில், துணிக்கொடிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கும் காது உடைந்த கப்பில். டபரா செட் விருந்தாளிகளுக்கு. அதைத் தேய்த்துக் கவிழ்ப்பதோடு அவள் வேலை முடிந்தது.

கைச் சோப்பை முந்தானையில் துடைத்தாள்.

“எத்தனையோ வருஷமா வரேன். எங்களுக்கு இதுல காபி ஊத்தினதே இல்லியே லதாம்மா. இன்னிக்கு என்ன?”

லதாவின் முகம் சிவந்தது. “நல்லதுக்குக் காலமில்லை. ரூமும் குடுத்து, காபியும் குடுத்து, இதுவும் கேக்கணுமா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க ஆன்ட்டி.”

லதா பூங்கோதையின் தோளைத் தொட வந்தாள். பூங்கோதை நாற்காலியோடு விலகினாள். அந்தரத்தில் நின்ற கையை லதா மெல்லக் கீழே இறக்கினாள். குரலைத் தணித்துக்கொண்டு, அன்பாகவே சொன்னாள்.

“உனக்கு என்ன வயசா ஆயிடுச்சு? அடுத்த வருஷம் எழுதிக்கோ பேட்டா. அப்ப போட்டிக்கு அனன்யாவும் இருக்க மாட்டா.”