ஷீபாவின் இரண்டு அப்பாக்கள்

1

யாங்கோனின் தாமுவேயில் என் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கும் ஷீபாவுக்குக் காகிதத்தில் இரண்டு அப்பாக்கள். வீட்டில் சோறு தின்பவர் ஒருவர்தான். இந்தக் கணக்கு ஏன் உதைக்கிறது என்று அவள் கேட்டதில் பிறந்தது இந்தக் கதை.

(முதலில் ‘கரீபியன் கடலின் நீல அலைகள்…’ என்று தொடங்கினேன். நான் அதிகம் பார்த்த நீர் எங்கள் ஊர்ப் பசுந்தாங் ஓடை. அது நீலமில்லை. அடித்துவிட்டேன்.)

2

ஷீபா படிப்பது கரீபியன் குடிபெயர்வு. ஹைட்டியிலிருந்து கரும்பு வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், டொமினிக்கன் குடியரசிலேயே பிறந்தும், ஒரு தீர்ப்பால் நாடில்லாதவர்களான விதத்தை அழகாக விளக்குவாள். அங்கே குடும்பப் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பாவம். பர்மாத் தமிழர்களான நாம் கெட்டிக்காரர்கள், தமிழ்ப் பெயரைக் கழற்றிவிட்டுப் பர்மியப் பெயரை மாட்டிக்கொள்வோம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது, பெற்ற மகளின் பாஸ்போர்ட்டால்கூட.

3

அந்த இரண்டு நாடுகளும் பங்குபோட்டுக்கொண்ட தீவிலிருந்தே அவளுக்கு ஆய்வு செய்ய இடம் கிடைத்தது. பாஸ்போர்ட் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் சிலுவைமுத்து. குடும்பப் பதிவில் ஊ மியோ மின், ஊ என்றால் திரு. கையெழுத்துப் போட எந்த அப்பா வருவார் என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

“வேலையில மியோ மின்னு கூப்புட்டாங்க, சர்ச்சுல சிலுவைமுத்துன்னு கூப்புட்டாங்க. ரெண்டுக்கும் திரும்பிப் பாத்தேன். அது தப்பாம்மா?” என்று அப்பா ஷீபாவிடம் கேட்டார்.

“தப்பில்லப்பா. ஆனா நீங்க ரெண்டு பேராம்.”

“அப்ப சோத்த ரெண்டு தட்டுல போடு.”

(முதல் பிரதியில் இவரை அழவைத்தேன். பொருந்தவில்லை.)

4

யாங்கோனில் இறந்தவர்களுக்கு மட்டும் இந்தச் சிக்கல் கிடையாது. நாளிதழின் இரங்கல் அறிவிப்பில் இரண்டு பெயரையும் போடுவார்கள். போடாவிட்டால் அடக்கத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஷீபா அப்படி ஒரு விளம்பரத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

“அதுக்கு நான் சாகணுமா?” என்றார்.

5

முடிவுகள்: அவள் போனாள். அல்லது, தாமதத்தில் இடம் பறிபோய், நாடில்லாதவர்களைப் பற்றி வீட்டிலிருந்தே எழுதினாள். அல்லது, விமானம் எழுந்தபோது அவள் கண்களில்… வேண்டாம். பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது வழிமுறை மட்டும்.

சாக வேண்டியதில்லை. இரண்டு பெயரையும் அறிந்த அக்கம்பக்கத்தார் இருவரை வழக்கறிஞரிடம் கூட்டிப்போய், அந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு விண்ணப்பத்தில், அந்த இரங்கல் விளம்பரத்தில் இருப்பதுபோலவே, இரண்டு பெயருக்கும் நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு பர்மிய எழுத்து. ‘என்றும் அழைக்கப்படுபவர்’ என்று அதற்குப் பொருள். நான் இத்தனை அடைப்புக்குறிகளை வீணடித்தேன். அந்த ஒன்று, ஷீபாவுக்கு ஒரே அப்பாவைத் தந்துவிடுகிறது.