ஒற்றைப் படத் தீர்ப்பு

கஜகஸ்தானின் கரகண்டா நகரத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி தோக்தாரின் நுரையீரல் ஸ்கேனில் முந்நூறு படங்கள் இருந்தன. தலைமை மருத்துவர் செரிக்பாய் அச்செடுத்த ஒன்றை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எக்ஸ்ரே காலத்துப் பழக்கம்.

"இந்தப் புள்ளி வெறும் ரத்தக்குழாய்மா. அவனை வேலைக்கு அனுப்பு."

ஸ்கேன் மருத்துவர் மக்பல் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஸ்கேன் அதை ரொட்டியைப் போல மெல்லிய துண்டுகளாக்கிக் காட்டுகிறது. ரத்தக்குழாய் என்றால் புள்ளி துண்டுக்குத் துண்டு நகர்ந்து நீண்டுகொண்டே போகும். கட்டி என்றால் சில துண்டுகளில் முளைத்து, பருத்து, மறைந்துவிடும்.

"குழாய்னா எங்கயாவது போகணுமே. எங்க போகுதுன்னு காட்டுங்க ஐயா," என்று கணினியில் படங்களை வரிசையாக உருட்டினாள்.

புள்ளி முளைத்தது, பருத்தது, மறைந்தது.

"திரும்ப உருட்டு." மூன்று முறை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "கட்டியா இருக்கலாம்னு நானும் நெனச்சேன்."

"தெரியும் ஐயா. நீங்க கண்டுபிடிச்சதாவே எழுதிட்டேன்," என்று சதைப் பரிசோதனைச் சீட்டை நீட்டினாள் மக்பல். "கையெழுத்து மட்டும் போடுங்க. தோக்தார் வெளிய காத்திருக்கார்."

அவர் மகிழ்ச்சியோடு போட்டார்.