ஐந்தாவது பத்தியின் நாற்பது வினாடிகள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில், கையில் ஸ்டாப்வாட்சும் கழுத்தில் விசிலுமாக மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஜன்னலோர நாற்காலியில், இரவு வேலை முடித்து வந்து தூங்கியெழுந்த முகத்தோடு மனைவியின் தங்கை, மருத்துவமனையில் நர்ஸ். சோபாவில் தலையணையைக் கட்டிக்கொண்டு மகள். மூவருக்கும் எதிரே, அலமாரியில் முதுகு இடிக்க நின்றிருந்தவர் பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை போடுகிற ஆறு பேரில் ஒருவர்.

வியாழக்கிழமை அவர், பேருந்து நேரங்களை மாற்ற அனுமதி தரும் குழுவின் முன் பேச வேண்டும். எட்டு நிமிடம் ஆனதும் மணி அடித்துவிடுவார்கள். அவர் கேட்கப்போவதோ நான்கே நிமிடம். மருத்துவமனை நிறுத்தத்திலிருந்து காலை ஆறு பதினான்குக்குக் கிளம்பும் பேருந்து, ஆறு பதினெட்டுக்குக் கிளம்ப வேண்டும். இப்போது இரவு வேலை முடித்து ஆறு பத்துக்கு மருத்துவமனை வாசலைத் தாண்டுகிற நர்ஸுகள் அதன் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிடம் நிற்கிறார்கள். குழு மறுத்துவிட்டால் இனி அடுத்த வருடம்தான் கேட்க முடியும்.

மனிதர் எதையும் நூல் பிடித்தாற்போல் செய்கிறவர். பேச்சை ஏழு பத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் அது கிளம்ப வேண்டிய நேரத்தைக் குறித்திருந்தார், பேருந்து நிறுத்தங்களுக்குக் குறிப்பது மாதிரியே. மனைவி விசில் ஊதினாள். அவர் பேசினார்.

“ஏழு நிமிஷம் பத்து வினாடி,” என்றாள் மனைவி. “அஞ்சாவது பத்திக்கு ஒன்றரை நிமிஷம் போட்டிருக்கீங்க. நாற்பதே வினாடியில முடிச்சிட்டீங்க.”

“வாட்ச் சரியா இருக்கா பாரு.”

“நூறு மீட்டர் ஓட்டத்துக்குச் சரியா காட்டுற வாட்ச், உங்க வாய்க்கு மட்டும் தப்பா காட்டுமா?”

அவருக்கு இது விசித்திரமாகப் பட்டது. மற்ற ஆறும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர, இது ஒன்று மட்டும் ஏன் முந்துகிறது? உட்கார்ந்து பேசிப் பார்த்தார், நாற்பத்திரண்டு. தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார், முப்பத்தொன்பது. காகிதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், எழுத்துக்குள் எங்கோ ஓட்டை இருப்பதுபோல்.

“அந்த இடத்துல மட்டும் மென்னு முழுங்குறீங்கப்பா,” என்றாள் மகள். “ஆபீஸ்ல லீவு கேக்கும்போது பேசுவீங்களே, அந்தக் குரல்.”

குறை எழுத்திலா வாயிலா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். காகிதத்தை நர்ஸிடம் நீட்டினார். அவள் நிதானமாகப் படித்தாள். ஒரு நிமிடம் முப்பத்தைந்து வினாடி. ஆக, எழுத்து குற்றமற்றது.

அவள் காகிதத்தைத் திருப்பித் தரவில்லை. “மாமா, வாசல்லேர்ந்து ஸ்டாப்புக்கு நடக்க நாலு நிமிஷம் போதும்னு முன்னாடி அளந்ததா இருக்கே. யாரு அளந்தது?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்தும் துடைத்தார்.

“நான்தான்.”

“நீங்களா?”

“மூணு வருஷம் முன்னால. லீவு நாள்ல, காலைல பத்து மணிக்கு. வயிறாரச் சாப்பிட்டுட்டு, உங்க அக்காகிட்ட இதே வாட்சை வாங்கிட்டுப் போய் நடந்தேன். சரியா நாலு நிமிஷம். போன மாசம் அங்க போய் நின்னு பார்த்தப்பதான் தெரிஞ்சது, உங்களுக்கெல்லாம் ஏழு, எட்டு ஆகுது.”

“பன்னிரண்டு மணி நேரம் நின்ன கால், மாமா. வேற எப்படி நடக்கும்?” அவள் சிரித்தாள், கோபமும் இருந்தது. “எவனோ ஏசி ரூம்ல உக்காந்து போட்டிருக்கான்னு மூணு வருஷமா திட்டுறேன். அந்த எவனோ எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்திருக்கான்.”

“ஒண்ணு தப்புன்னா, இப்ப சொல்ற கணக்கையும் நம்ப மாட்டாங்களே,” என்றார் அவர்.

“அவங்க நம்புறது இருக்கட்டும்,” என்றாள் மனைவி. “நான் நம்புறேனான்னு பாருங்க. சொல்லுங்க.” விசிலை ஊதினாள்.

இந்த முறை ஐந்தாவது பத்தியில் அவர் அந்தப் பத்து மணி நடையையே சொன்னார்: சாப்பாடு, வெறுங்கை, பழக்கமில்லாத சுறுசுறுப்பு, எல்லாவற்றையும். முதலில் நாக்கு முரண்டு பிடித்தது. பிறகு ஆச்சரியமாக, அடுத்து வந்த, நர்ஸுகளின் ஏழு, எட்டு நிமிட நடைக் கணக்குக்கு அதுவே கால் கொடுத்தது. எதில் தவறினோம் என்று சொன்னதால், இப்போது எதை அளந்தோம் என்பது விளங்கியது. ஒரு நிமிடம் நாற்பது. நர்ஸ் ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பியிருந்தாள்.

“இது நிக்குது,” என்றாள். “ஆனா எட்டு நிமிஷத்தைத் தாண்டிட்டீங்க.”

“பத்து வினாடி,” என்றாள் மனைவி.

முதல் பத்தியில் குழுவினரைப் பெயர் பெயராக வாழ்த்தியிருந்ததில் முக்கால்வாசியை மகள் பேனாவால் அடித்தாள். மீண்டும் பேசினார். ஏழு ஐம்பது.

பேச்சின் சுருக்கம் புதன்கிழமைக்குள் குழுவின் கைக்குத் தபாலில் போய்ச் சேர வேண்டும். முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்ததைக் கிழித்தார். திங்கட்கிழமை காலை, அலுவலகம் கிளம்புமுன் உட்கார்ந்து கையால் எழுதினார். “தற்போதைய ஆறு பதினான்கு நேரத்தை நிர்ணயித்தவன் நான். நடக்கும் நேரத்தைத் தவறாக அளந்தேன்,” என்று முதல் வரி. எவ்வாறு என்பது இரண்டாவது வரி. கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தார். எங்கும் வாய் முந்தி ஓடவில்லை. மூன்றாக மடித்து உறையிலிட்டு, விளிம்பை நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினார். தெருமுனைத் தபால்பெட்டியில் அதைப் போட்டுவிட்டு, உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தார்.