சகலையின் விளம்பரம்

டர்ர்ர்ரென்று சுவரைத் துளைக்கும் சத்தம் தெருவையே உலுக்கியது. கவுண்டர் மேலிருந்த டீ டம்ளர் தானாக நகர்ந்தது. ஒரு வாஷிங் மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் வெளியே வந்து, "எவன்யா அது, பூமியைப் பொளக்கறது?" என்றான். அவனுக்குக் கடையில் ஸ்பின்னர் என்று பட்டப்பெயர். எந்த வேலையைச் சொன்னாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ஆரம்பிப்பான்.

கடை முதலாளி வாசலுக்கு ஓடினார். மாமனார் வீட்டில் அவருக்குப் பெரிய மாப்பிள்ளை என்று பெயர். எதிரே வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டர் திறந்திருந்தது. ஏணியில் நின்ற இரண்டு பேர் ஒரு நீளமான போர்டை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போர்டு தலைகீழாக இருந்தது. அதைத் திருப்பிப் பிடித்ததும் பெரிய மாப்பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

'துணி நனைஞ்சு கிடக்கா? இன்னிக்கே வர்றோம்!'

அந்த வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் சொல்லுவார். அது அவருடைய சகலையின் விளம்பரம்.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். அவனுக்கும் இதே வாஷிங் மெஷின் ரிப்பேர் தொழில்தான். ஆனால் கடை ஊரின் மறுகோடியில். அந்தத் தூரம்தான் இத்தனை நாளும் பெரிய மாப்பிள்ளையைக் காப்பாற்றியது. இந்த வட்டாரத்தில் மெஷின் நின்றால் ஜனங்கள் அவரைத்தான் கூப்பிட வேண்டும். இந்த வட்டாரமும் போனால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பொறாமை நேற்று முளைத்ததல்ல. ஒரு நாள் மாமனார் வீட்டுப் பந்தியில் வைத்துத்தான் அது அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

"மாப்ளே, என் ஃபிரண்டு வீட்ல மெஷின் மக்கர் பண்ணிடுச்சு. போன்ல தேடியிருக்கார். மொதல்ல யாரு வந்தாங்கங்கறீங்க? நம்ம சின்ன மாப்ளே!" என்று மாமனார் பூரித்தார்.

"நான் எத்தனாவதா வந்தேன் மாமா?"

மாமனார் கொஞ்சம் யோசித்தார். "அவர் அவ்ளோ தூரம் கீழ போகல மாப்ளே."

பந்தியே சிரித்தது. பெரிய மாப்பிள்ளை இலையை மூடிவிட்டு எழுந்தார். தேடுபவர்களின் கண்ணில் படுவதற்கு அவரும்தான் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தார். யாராவது அதை அழுத்தினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவர் கணக்கில் காசு கழியும். கழிந்துகொண்டுதான் இருந்தது. ஆளைத்தான் காணோம்.

கை கழுவும் இடத்தில் சகலை பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க விளம்பரத்துக்குத் தேடற வார்த்தையா வெறும் 'வாஷிங் மெஷின்'னு குடுத்திருக்கீங்க. புதுசு வாங்கறவன், பழசை விக்கறவன் எல்லாம் வந்து அழுத்துவான். 'விலை', 'ஆஃபர்'னு தேடறவங்களுக்கு என் விளம்பரத்தைக் காட்டாதேன்னு ஒதுக்கி வைங்க. மெஷின் படுத்தவன் என்ன தட்டுவான்? 'தண்ணி வெளிய போகல', 'கதவு திறக்கல'ன்னு தட்டுவான். அவன் வாயில வர்றதை அப்படியே குடுங்க."

நல்ல யோசனைதான். சொன்ன வாய்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. நேற்று வந்தவன் எனக்குப் பாடம் எடுக்கிறானா?

"எங்க விளம்பரத்துல 'தரமே எங்கள் தாரக மந்திரம்'னு போட்டிருக்கு. அது போதும்" என்று துண்டை உதறிவிட்டு நடந்தார்.

தாரக மந்திரத்தைப் பார்த்து வந்த அழைப்புகளை ஸ்பின்னரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவான். ஒரு அம்மா, பிள்ளையின் பள்ளிக்கூடப் பாடத்துக்கு மெஷினின் உள்படம் வேண்டுமென்று கேட்டாள். இன்னொருவர் மெஷினில் கம்பளிப் போர்வை துவைக்கலாமா என்று அரை மணி நேரம் ஆலோசனை நடத்திவிட்டு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சகலைக்கு மட்டும் நிஜமான வேலைகள் குவிகின்றன! நினைக்க நினைக்கப் பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் அவர் விரல் தானாகச் சகலையின் விளம்பரத்தை அழுத்தியது.

அழுத்தினால் காசு போவது அவனுக்குத்தானே! ஒரு நாளைக்கென்று அவன் ஒதுக்கிய தொகை தீர்ந்தால் அன்றைக்கு விளம்பரம் மறைந்துவிடும். மடமடவென்று அழுத்தினால் தேடுபொறி கண்டுபிடித்துக் கணக்கில் சேர்க்காது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் நிஜமான வாடிக்கையாளர் மாதிரி நடித்தார். உள்ளே போய், பக்கத்தை மெதுவாக நகர்த்தி, கடைசி வரி வரை படித்துவிட்டு வெளியே வந்தார். தினமும் ஒரு தடவை தன் போனில், ஒரு தடவை கடைக் கம்ப்யூட்டரில், ஒரு தடவை ஸ்பின்னரின் போனில். ஒரு நாள் சாயங்காலம் சகலையின் விளம்பரம் நிஜமாகவே மறைந்துபோனது. அன்று இரவு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

ஆனால் மறுநாள் அது இன்னும் கம்பீரமாக மேலே நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால், போன் செய்யும் பட்டன் பெரிதாகியிருந்தது. அடுத்த வாரம் சகலையின் சிரித்த முகம் வந்தது. அதற்கடுத்து, 'எவ்ளோ தூரமா இருந்தாலும் வருவோம்' என்று ஒரு வரி. 'தினம் தினம் மெருகேத்தறானே படுபாவி!' என்று பல்லைக் கடித்துக்கொண்டே கீழ்வரை படித்தார். தன் விளம்பரத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கடையில் போன் எடுக்கும் மனைவி ஒரு நாள் கேட்டேவிட்டாள். "என்னங்க, எந்நேரமும் என் தங்கச்சி வீட்டுக்காரர் விளம்பரத்தையே பார்த்துட்டு இருக்கீங்க?"

"போட்டியை ஸ்டடி பண்றேன்."

"ஸ்டடி பண்ற மூஞ்சியா இது? பல்லு புடுங்கப் போறவர் மாதிரி இருக்கு."

இப்போது அந்தப் போட்டி எதிர்க்கடையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. துளைக்கும் சத்தம் நின்றது. கையில் ஸ்வீட் பெட்டியோடு சகலை தெருவைக் கடந்து வந்தான்.

"அண்ணே! அண்ணி! திறப்பு விழாவுக்கு நீங்கதான் ரிப்பன் வெட்டணும்."

"எங்களை வெட்டாம விட்டீங்களே, அதுவே பெருசு" என்றார் பெரிய மாப்பிள்ளை. "ஊர்ல வேற தெருவே கிடைக்கலையா சகலை?"

"உங்ககிட்ட சொல்லிட்டுதான் செய்யணும்னு எத்தனை தடவை போன் பண்ணேன்! நீங்க எடுக்கவே இல்லையே!"

எடுக்கவில்லைதான். அவன் பெயரைத் திரையில் பார்த்தாலே கட் பண்ணிவிடுவது அவர் வழக்கமாகியிருந்தது.

"சரி தம்பி, ஆனா ஏன் இந்தத் தெரு?" என்று மனைவி கேட்டாள். "உங்க அண்ணன் பொழைக்க வேணாமா?"

சகலையின் முகம் வாடியது. "அண்ணி, சத்தியமா அண்ணனுக்குப் போட்டியா வரல. ஏரியா ஏரியாவா பிரிச்சு, என் விளம்பரத்தை எங்கிருந்து பார்க்கறாங்கன்னு கம்ப்யூட்டர்ல பார்த்தேன். ஊர்லயே இந்த இடம்தான் முதல்ல நிக்குது. மத்த ஏரியால மேலோட்டமா பார்த்துட்டு போன் பண்றாங்க. இங்க கடைசி வரி வரைக்கும் படிக்கறாங்க. ஆனா ஒருத்தர்கூட கூப்பிட மாட்டேங்கறாங்க. பட்டன் சின்னதோன்னு பெருசு பண்ணேன். நம்பிக்கை வரலையோன்னு என் போட்டோ போட்டேன். தூரம்னு தயங்கறாங்களோன்னு அதையும் எழுதிப் பார்த்தேன். இங்க பாச்சா பலிக்கல. ஆனா அந்த மாத்தத்தால ஊர் முழுக்க வேலை ரெண்டு மடங்காயிடுச்சு. அந்த வருமானத்துலதான் இந்தக் கடையைப் பிடிச்சேன்."

ஸ்பின்னர் தன் போனை மெல்லப் பாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டு, மறுபடியும் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டான். மனைவி புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். பெரிய மாப்பிள்ளைக்குக் காது மடல் வரை சுட்டது.

"அப்படி இங்க யாரு சகலை இருக்கப் போறா?" என்றார்.

சகலை அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"யாருன்னு தெரியலண்ணே. ஷட்டர் தூக்கற நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்ட கையோட ஒரு தடவை, கடையடைக்கறப்ப ஒரு தடவைன்னு ஒரு நாள் தவறாம தேடறாங்க... என்னைப் பெத்த அம்மாகூட என்னை இப்படித் தேடினதில்லண்ணே!"