நாற்பத்தோராம் பக்கம்

வாமதேவன் அண்ணையை எங்கள் கோயில் பரிபாலன சபையில் யாரும் ஓர் ஆளாக மதித்ததில்லை. சபைச் செயலாளரான நானும் மதிக்கவில்லை. மொறட்டுவையில் கட்டடக் கலை படித்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு பள்ளிக்கூட மண்டபம் கட்டினார். திறந்து எட்டாம் மாதம் அதன் மேல் ஷெல் விழுந்தது. லண்டனுக்கு வந்து பதினாறு வருடமாக ரயில் நிலையத்தில் டிக்கெட் பார்த்தார். அத்தோடு மனுஷன் அடங்கியிருக்கலாம். அடங்காமல் ஒரு செத்துப்போன அமெரிக்கனைப் பிடித்துக்கொண்டார்.

அமெரிக்கனின் பெயர் ஹொரேஸ் பெல்டிங். எங்கள் வைரவர் கோயில் இருந்த கட்டடம் அவன் கட்டியது. மனோர் பார்க்கிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு மூலையில் பழைய செபக்கூடம் ஒன்றை வாங்கி, சிலுவை இருந்த இடத்தில் வைரவரை வைத்திருந்தோம். முதல் நாள் உள்ளே வந்த வாமதேவன் அண்ணை சாமியைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு தூண்கூட இல்லை. பூசை முடிந்து திருநீறு கொடுக்கும்போதும் அவர் அண்ணாந்தபடிதான் நின்றார்.

அதன்பின் ஒன்பது வருடம் லீவு நாளெல்லாம் நூலகம்தான். அமெரிக்காவுக்குக் கடிதம் மேல் கடிதம். அன்னதானத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தால் தொலைந்தோம். சோற்றைக் குழைத்தபடி பெல்டிங்கின் கதையைத் தொடங்கிவிடுவார். ஒஹையோவில் தச்சனுக்குப் பிறந்தவன். முப்பது வயதுக்குள் வங்கி, நாடக அரங்கு, ரயில் நிலையம் என்று பதினொரு கட்டடம் எழுப்பிப் பெயர் எடுத்தவன். 1902இல் அவனுடைய நாடக அரங்கின் மேல்மாடம் இடிந்து ஒன்பது பேர் செத்தார்கள். பிழை இரும்பு விற்றவனுடையது, பழி பெல்டிங் மேல் விழுந்தது. பிறகு அவனுக்கு நாய்க்கூடு கட்டக்கூட யாரும் வேலை கொடுக்கவில்லை. லண்டனுக்கு ஓடிவந்து, ஒரு வாடகை அறையில் இருந்து இந்தச் செபக்கூடத்தைக் கட்டினான். 1909இல் அதே அறையில் செத்துக் கிடந்தான். அமெரிக்காவில் இருந்த பதினொன்றையும் பிறகு ஒவ்வொன்றாக இடித்துவிட்டார்கள்.

"நிக்கிறது இது ஒண்டுதான். இதுவும் போச்செண்டா அந்த மனுசன் பிறக்கவே இல்லை" என்பார்.

"ஆர் அண்ணை, அவரோ, நீங்களோ?" என்று ஒருமுறை கேட்டேன். பந்தியே சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார்.

எங்கள் தலைவர் பாலசுப்பிரமணியனுக்குக் கருங்கல் கோயில் வேண்டும், கிழக்கு வாசல் வேண்டும், கோபுரம் வேண்டும். செபக்கூடத்தின் வாசலோ வடமேற்கு. இடிப்பதென்று 2004 தை மாதம் சபை தீர்மானித்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் வாமதேவன் அண்ணை அவசரமாக எழுதி முடித்தார். பெல்டிங்கின் வாழ்க்கை, வேலை, இந்தக் கட்டடத்தின் படங்கள். ஆங்கிலத்தில் டைப் அடித்து நூற்று அறுபது பக்கம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அலுவலகத்துக்கு அது போய்ச் சேர்ந்து, அவர்கள் கட்டடத்தைப் பட்டியலில் ஏற்றிவிட்டால் பிறகு எங்களால் ஒரு ஆணி பிடுங்க ஏலாது.

வெள்ளைக்காரன் என்றால் நேரே தபால் பெட்டிக்குப் போயிருப்பான். இவர் அந்தத் தாள் கட்டைக் கொண்டுவந்து வைரவரின் காலடியில் வைத்தார். ஊரில் கோயிலைப் பூட்டித் திறப்பை வைரவரிடம் வைத்துவிட்டுத்தான் போவோம். அவர் காவலில் இருப்பதை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள் என்பது நம்பிக்கை.

"ஒரு மண்டலம் இருக்கட்டும், தம்பி. நாப்பத்தெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை வருது. அண்டைக்கு எடுத்துப் போஸ்ட் பண்ணுறன்."

"வேற கொப்பி வைச்சிருக்கிறியளோ?"

"இல்லை. திறப்பு உங்களிட்டத்தானே இருக்கு. எனக்கென்ன பயம்?"

அன்றைக்கே எடுத்தேன். தலைவர் சொன்னதால் எடுத்தேன் என்று சொல்லலாம், அது பொய். ஒன்பது வருடம் இந்த மனுஷன் என்னத்தைக் கிண்டினார் என்று பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. தலைவரின் காருக்குள் இருந்து இருவரும் புரட்டினோம். நாற்பத்தோராம் பக்கத்தில் கூரையின் படம். அத்தனை பாரமும் நடுவில் உள்ள ஒரேயொரு மர இணைப்பில் தொங்குகிறது, அதைப் பிடித்திருப்பவை நான்கு போல்ட்டுகள் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார். கீழே சிவப்பு மையில் ஓர் எச்சரிக்கை: "இவற்றைத் தொடவே கூடாது. கழற்றினால் கூரை முழுதும் உள்ளுக்கே இறங்கிவிடும்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பக்கத்தை உருவிக் கொடுத்தேன். மிச்சத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைரவரின் காலடியில் வைத்தேன்.

கட்டடம் உடைக்கிற எட்வேட் கூரையை இறக்கவே பத்து நாள் ஆகும் என்று முன்பு சொல்லியிருந்தான். படத்தைக் கண்டதும் விசில் அடித்தான். இது கீறியவன் கெட்டிக்காரன், இனி ஒரு நாள் போதும் என்றான். இடிக்கப்போவதாகக் கவுன்சிலுக்கு அறிவித்து ஆறு கிழமை பொறுக்க வேண்டும். மூன்றாம் நாளே அறிவித்துவிட்டோம். ஆறு கிழமை என்றால் நாற்பத்திரண்டு நாள், மண்டலம் நாற்பத்தெட்டு. தலைவர் விரல் விட்டுப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாமதேவன் அண்ணை வேலை உடுப்போடு வருவார். கட்டைத் தொடமாட்டார். இருக்கிறதா என்று பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அண்ணாந்து கூரையையும் பார்த்துவிட்டுப் போவார். அந்தக் கட்டின் மேல் கிழமைக்குக் கிழமை புதுப் பூ வைத்தது நான்தான்.

நாற்பத்தாறாம் நாள் வைரவரைப் பக்கத்துச் சிறிய மண்டபத்துக்கு மாற்றினோம். நாற்பத்தேழாம் நாள் வியாழக்கிழமை, காலை எட்டரைக்கு எட்வேட்டின் ஆட்கள் நான்கு போல்ட்டையும் இயந்திரத்தால் இழுத்தார்கள். களைத்த மனுஷன் கதிரையில் குந்துவதுபோலக் கூரை உள்ளுக்குக் குந்தியது. பின்னேரத்துக்குள் சுவரும் இல்லை.

மறுநாள் அவர் வந்தார். ஒரு கையில் பழத்தட்டு, மறு கையில் முகவரி எழுதி முத்திரை ஒட்டிய பெரிய உறை. பஸ்ஸால் இறங்கியவர் வேலி ஓரத்தில் நின்றுவிட்டார். தட்டில் இருந்த தோடம்பழம் ஒன்று உருண்டு விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பொன்னாடையும் மைக்கும் தயாராக இருந்தன. அது தலைவரின் யோசனை. நூறு பேருக்கு முன் கௌரவித்துவிட்டால் எந்த மனுஷனும் சத்தம் போடமாட்டான் என்றார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தோம். "எங்கட புதுக் கோயிலுக்கு வழி காட்டின வாமதேவன் அவர்கள்" என்று தலைவர் மைக்கில் சொல்லிப் போர்த்தினார். சனம் கை தட்டியது. அவர் கூப்பிய கையை இறக்கவே இல்லை.

ஆரவாரம் அடங்கியபின் நான் கட்டைக் கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு. திரும்பவும் புரட்டிப் பார்த்தார்.

"நாப்பத்தொண்டைக் காணேல்லை."

"கொன்ராக்டரிட்ட இருக்கு, அண்ணை."

அவருக்கு விளங்கியது. ஏசுவார், தூஷணம் சொல்லுவார், கன்னத்தில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் நல்லது. அவர் பொன்னாடையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"அப்ப நான் கீறினது சரி, என்ன?"

"ஓம் அண்ணை. அரை மணித்தியாலம்கூட எடுக்கேல்லை."

பரீட்சையில் பாஸ் என்று கேட்ட பிள்ளைபோல அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்த முகத்தைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.