பேர் சொல்லாமல் சொன்ன கதை

சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். றிஸ்வியின் சஹனில் றிஸ்வி மட்டும் உட்கார்ந்திருந்தான். நெய்ச்சோறும் பொரித்த கோழியும் தொடுவாரில்லாமல் கிடந்தன. ஆலங்குடா விடுதியின் பின்வளவில், சீசன் முடிவுக்கு முதலாளி கொடுத்த விருந்து அது. மற்றச் சஹன்களில் எட்டுப் பேர், ஒன்பது பேர் என்று நெருக்கியடித்திருந்தார்கள். முட்டிக்கு முட்டி இடித்தாலும் பரவாயில்லை, இவன் பக்கம் வரமாட்டார்களாம்!

எல்லாம் முஆஸ் செய்த வேலை. விடுதிச் சமையல்காரன், றிஸ்வியோடு ஒன்றாகப் படித்தவன். எச்.ஐ.வி பற்றி வேலையாட்களுக்கு அவர்களில் ஒருவனே விளங்கப்படுத்தட்டும் என்று அவனைத்தான் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வந்து நன்றாகத்தான் பேசினான். "ஒரே கோப்பையில குடிச்சா வராது, ஒரே சஹன்ல திண்டா வராது. சந்தேகமிருந்தா என்னட்ட வாங்க, எனக்குள்ளயே கெடக்கும்" என்றான். அதை நம்பித்தான் றிஸ்வி போனான். புத்தளத்துக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதிக்க வைத்தவனும் முஆஸ்தான். கிருமி இருக்கிறது என்று தெரிந்த அன்று பஸ்ஸில் தோளில் கை போட்டுக்கொண்டே வந்தான். பெற்ற உம்மாவுக்கும் சொல்லாததை றிஸ்வி அவனிடம் கொடுத்துவைத்திருந்தான்.

போன கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் கொட்டாவி விட்டார்களாம். முஆஸுக்கு ரோசம் வந்துவிட்டது. உண்மைக் கதை ஒன்றை எடுத்துவிட்டான்: கத்தாரிலிருந்து வந்த ஒருத்தர், இப்போது படகோட்டுகிறார், மருந்து குடித்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். விடுதியில் படகோட்டிகள் இரண்டே பேர், றிஸ்வியும் இன்னொருவரும். அந்த மற்றவர் புத்தளத்தைத் தாண்டியே போகாதவர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

முஆஸ் கோழிச் சட்டியோடு அந்தப் பக்கம் வந்தான்.

"சொல்லிட்டியேடா" என்றான் றிஸ்வி.

"வல்லாஹி மச்சான், ஒன்ட பேரச் சொல்லவேயில்ல. அவங்களுக்கு விளங்கட்டும் எண்டுதான்..."

"பேர் மட்டுந்தான்டா மிச்சம்."

றிஸ்வி தொடாத சோற்றைப் பார்த்தான். ஊரார் ஒதுக்கினால் ஒதுக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்? முஆஸுக்கு எல்லாம் தெரியும். இவன் ஒருத்தனாவது இந்தச் சோற்றில் கை வைத்தால் அடுத்த சீசனுக்கு வேலைக்கு வரலாம். இல்லையென்றால் ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

"வா, இதில இரு. நீ படிச்சுக் குடுத்தத நீயே செஞ்சு காட்டு."

மற்றச் சஹன்களில் தலைகள் திரும்பின. முஆஸ் சட்டியை இறக்கினான். கை கழுவினான். பிஸ்மி சொல்லிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, தன் பக்கத்துச் சோற்றை அள்ளிக் கோழியோடு பிசைந்தான். ஒரு பிடி உருட்டினான். றிஸ்வி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். முஆஸ் அந்தப் பிடியை உதிர்த்துத் திரும்பவும் பிசைந்தான். நெய் விரலிடுக்கால் மணிக்கட்டுக்கு வழிந்தது. திரும்பவும் உருட்டினான், வாய்க்குக் கொண்டுபோகாமல் திரும்பவும் உதிர்த்தான்.